செக்போஸ்ட்டுக்கு அந்தாண்ட

செக்போஸ்ட் வரைக்கும்தான் சார் எனக்கு டிக்கெட்டு. நீங்க புத்தூர் போறவரு, ஜன்னலோரம் நீங்களே உக்காருங்க. நான் நடுவுலயே எறங்கிடுவேன். கண்டக்டர் என்னைக் கேக்கக்கூட மாட்டான், பார்த்ததுமே செக்போஸ்ட்டுன்னு கிழிச்சிக் குடுத்துடுவான். அதுக்கு அந்தாண்ட என் கால் படாது. பத்து வருஷமா படலை.

சிரிக்காதீங்க சார். சிரிக்கலையா? சரி. எல்லாரும் சிரிக்கறாங்க, அதனால சொன்னேன். எங்க மேல்காவனூர்ல என் சைக்கிள் கடைக்குக் காத்தடிக்க வர்ற பொடிசுங்ககூட எனக்கு எல்லைத் தாத்தான்னு பேர் வெச்சிருக்குதுங்க. துரைக்கண்ணுன்னு எனக்கு ஒரு பேர் இருக்கறதே அதுங்களுக்குத் தெரியாது. எல்லைன்னா இன்னான்னு தெரியுமா அதுங்களுக்கு? பொறக்கும்போதே இந்தாண்டப் பக்கத்துல பொறந்ததுங்க. அது நாங்க அடிபட்டு வாங்கிக் குடுத்தது சார்.

நான் சொல்றேன் கேளுங்க. நான் பொறந்த வீட்டைவிட்டு ஒரு அடி நகரலை. அதே வீடு, அதே வாசப்படி. நான் பொறந்தப்ப அது மதராஸ் மாகாணம். அம்பத்து மூணுல ஒரு நாள் எழுந்து பார்த்தா ஆந்திரா. எங்களை எவனும் ஒரு வார்த்த கேக்கலை. சித்தூர் ஜில்லா மொத்தமும் அவங்களுக்குன்னு ஆயிடுச்சி, எங்க திருத்தணி தாலுக்காவும் அதோட பூடுச்சி. அம்பத்தாறுல தேசம் பூரா மொழி பார்த்துப் பிரிச்சாங்களே, அப்ப அந்தாண்டத் தெலங்கானாவையும் சேர்த்துக்கினு ஆந்திரப் பிரதேசம்னு ஆச்சி. அதுலயும் நாங்க இருந்தோம். அறுவதுல மறுபடி மதராஸ். போன வருஷம் அதுக்கும் பேர் மாத்தித் தமிழ்நாடு. வாடகைக்குக் குடியிருக்கறவன்கூட இத்தனை இடம் மாறியிருக்க மாட்டான். எங்க வீட்டுல நாற்காலிகூட நகரலை.

சும்மா ஒண்ணும் தூக்கிக் குடுத்துடலை சார் திருத்தணியை. மறியல் பண்ணோம், கடையடைச்சோம், ரயிலுக்கு முன்னாடி படுத்தோம். எங்க ஊர்ல முதல்ல படுத்தது நான். ரெண்டு தடவ உள்ள போயிட்டு வந்தேன். முதுகுல தழும்பு இருக்குது, பஸ்ஸுல சட்டையைக் கழட்ட முடியாது, இல்லன்னா காட்டுவேன். நாங்க கேட்டது திருத்தணி மட்டும் இல்ல. திருப்பதி மலை வரைக்கும் எங்களுதுன்னு கேட்டோம். கேட்டதுல ஒரு ஓரத்தைக் கிள்ளிக் குடுத்துட்டு, போய்த் தின்னுடான்னு அனுப்பிட்டாங்க. அதை ஊரே வெற்றி வெற்றின்னு பட்டாசு கொளுத்திக் கொண்டாடுது. எனக்கு வயிறு எரியுது.

ஏன் எரியுதுன்னா, கோடு எங்க விழுந்துச்சி தெரியுமா? என் வீட்டுக்கும் என் தங்கச்சி வீட்டுக்கும் நடுவுல விழுந்துச்சி.

சம்பூரணம்னு பேரு. ஒரே தங்கச்சி. ஆத்துக்கு அந்தாண்ட வேப்பகுண்டத்துல குடுத்திருந்தோம். பாலத்துல நடந்தா ஒரு வெத்தலை போட்டு முடிக்கறதுக்குள்ள போய்ச் சேர்ந்துடலாம். அவ பையன் முனிரத்தினத்துக்கே என் பொண்ணு தனபாக்கியத்தையும் கட்டிக் குடுத்தேன். எனக்கு அவன் மருமகன், அவனுக்கு நான் தாய்மாமன், மாமனார் எல்லாம். பொண்ணு எங்க போச்சு, அத்தை வீட்டுக்குத்தானே போச்சுன்னு நிம்மதியா இருந்தேன். கல்யாணம் ஆகி ரெண்டு வருஷத்துல இந்தக் கோடு.

ஊர் ஊரா எண்ணிப் பார்த்து, எந்தப் பாஷைக்காரன் ஜாஸ்தியோ அந்தப் பக்கம் சேர்க்கறதுன்னு ஒரு கணக்கு வெச்சாங்க. வேப்பகுண்டத்துல பாதிக்குப் பாதி சார். யாரு கெடுத்ததுன்னு நினைக்கறீங்க? டெல்லிக்காரனா? என் தங்கச்சி புருஷன், ஏகாம்பரம்! செத்துப் போயிட்டாரு, திட்டக் கூடாது, இருந்தாலும் திட்டறேன். ஜனக்கணக்கு எடுக்க வந்தவன் தெலுங்குல பேசியிருக்கான். எங்க பக்கத்துப் பழக்கம் ஒண்ணு இருக்குது. வாசல்ல வந்து நிக்கறவன் எந்தப் பாஷையில கேக்கறானோ அந்தப் பாஷையிலதான் பதில் சொல்லணும். மாத்திச் சொன்னா அவன் மூஞ்சியில அடிச்ச மாதிரி. இந்த மனுஷன் கட்டிலைப் போட்டு அவனை உக்கார வெச்சி, மோர் குடுத்து, பேரு, வயசு, புள்ளைங்க, கறவை மாடு எல்லாத்தையும் சுத்தமான தெலுங்குலயே சொல்லியிருக்காரு. வீட்டுல இன்னா பாஷைன்னு அவன் தனியா கேக்கவே இல்ல. இதுக்கு மேல இன்னா கேக்கறதுன்னு தெலுங்குன்னு போட்டுக்கினு போயிட்டான். அந்தத் தெரு பூரா அதே கதை. கேட்டா, மரியாதைக்குப் பேசினேன் மச்சான்னாரு. மரியாதைக்கு ஒரு ஊரையே தாரை வார்த்தான் சார் அந்தாளு!

என் பொண்டாட்டி ஆதிலட்சுமி இருக்கறாளே, அவ வேற மாதிரி பேசுவா. "முன்னாடி ரெண்டு வீடும் ஒரே ராஜ்ஜியத்துலதானே இருந்துச்சி. நீதானே ஜெயிலுக்குப் போய் நடுவுல கோடு வாங்கிக்கினு வந்தே"ன்னா ஒரு நாள். சோத்துத் தட்டைத் தள்ளிட்டு எழுந்துட்டேன். பொம்பளைக்கு அரசியல் இன்னா தெரியும்? நான் கோட்டை வடக்கால தள்ளத்தான் பார்த்தேன். பாதி வழியில அவனுங்க நிறுத்திட்டானுங்க, அதுக்கு நான் இன்னா பண்றது? நீங்களே சொல்லுங்க.

ஏமம்மா, எக்கு எக்கு. ரா அம்மா, இக்கட கூர்ச்சோ. புட்ட கிந்த பெட்டு, பரவாலேது. கொஞ்சம் நகருங்க சார், அந்தம்மா கூடையைக் கீழ வெக்கட்டும். காய்கறிக்காரம்மா, நகரி சந்தைக்குப் போவுது. பாவம், வெயில்ல நின்னுக்கினு இருந்துச்சி.

இன்னா சொல்லிக்கினு இருந்தேன்? ஆங். அந்தத் தெலுங்கு காதுல விழுந்தாலே எனக்கு உடம்பெல்லாம் பத்திக்கினு வருது சார்.

அறுவது ஏப்ரல்ல திருத்தணி மலை மேல பெரிய கூட்டம். மாலை, மேளம், சர்க்கரைப் பொங்கல். எல்லாரும் ஆடறாங்க, எனக்கு மட்டும் ஆத்திரம் அடங்கலை. முருகன் சன்னதிக்கு நேரா நின்னு, உள்ளங்கையில கற்பூரத்தை ஏத்தி, எரியும்போதே இந்தக் கையால அடிச்சி அணைச்சேன். வேப்பகுண்டம் எங்க பக்கம் சேர்ற வரைக்கும் அந்த மண்ணுல கால் வைக்க மாட்டேன், இது சத்தியம்னேன். என்னைப் பார்த்து இன்னும் மூணு பேர் அணைச்சானுங்க. அதுல ஒருத்தன் இப்ப நகரியில துணிக்கடை வெச்சிருக்கான். ஒருத்தன் திருப்பதிக்குப் போய் மொட்டை அடிச்சிக்கினு வந்து எனக்கே லட்டு குடுக்கறான். கற்பூரம் அணைச்ச கையால லட்டு! நான் தொடலை. எங்க வீட்டுக்கும் குலதெய்வம் அந்தப் பெருமாள்தான். என் பேரனுக்கு முதல் மொட்டை அங்கதான் போட்டாங்க. நான் போகலை. பெருமாளே ஆந்திராவுல இருந்தா நான் இன்னா பண்ண முடியும்?

அதுக்காகத் தங்கச்சியைப் பார்க்காம இருந்தேன்னு நினைக்காதீங்க. செக்போஸ்ட் பக்கத்துல எறங்கினா ஆத்து மணல். கோடை நாள்ல தண்ணி கிடையாது. சந்தை நாள்ல நான் இந்தாண்ட மணல்ல உக்காருவேன், சம்பூரணமும் தனபாக்கியமும் புள்ளைங்களை இட்டுக்கினு அந்தாண்டேர்ந்து வருவாங்க. தூக்குல கருவாட்டுக் குழம்பு கொண்டாருவா. மணல்லயே உக்காந்து சாப்பிடுவோம். பேத்தி என் விரலைப் புடிச்சி ரா தாத்தா ரா தாத்தான்னு இழுக்கும். இஸ்கூல்ல தெலுங்கு சொல்லித் தர்றானுங்க இல்ல, வேற எப்படிப் பேசும்? கையை உதறிடுவேன். அது அழுதுக்கினே போய் அம்மா மடியில படுத்துக்கும்.

ஒரு பொங்கலுக்கு அவ நிலத்துல வெளைஞ்ச புது அரிசி, அண்ணன் வீட்டுல பொங்கட்டும்னு ஒரு பையில கட்டிக்கினு வந்தா சார். அந்த வருஷம் அரிசி இந்த மாநிலத்துலேர்ந்து அந்த மாநிலத்துக்குப் போகக் கூடாதுன்னு தடை. அவங்க பக்கத்துச் செக்போஸ்ட்டுல போலீஸ்காரன் பையைப் புடுங்கி வெச்சிக்கினான். கடத்தலாம்! அண்ணன் வீட்டுக்குத் தங்கச்சி அரிசி கொண்டாந்தா கடத்தல். அவ பாலத்து மேல நின்னு அழுவுறா, நான் இந்தாண்ட நின்னு கத்தறேன். பாலத்துல ஏறிப் போய் அவ கையைப் புடிச்சிக்கலாம்தான். நடுப் பாலத்துக்கு இந்தாண்ட நின்னிருந்தா போயிருப்பேன். அவ நாலு அடி அந்தாண்ட நின்னுட்டா.

போன வருஷம் அவளுக்குக் காலு விழுந்துடுச்சி. மணலுக்கு வர முடியலை. தனபாக்கியத்துகிட்ட சொல்லி அனுப்பினா, "எல்லை வரும்போது வரட்டும் அண்ணா, நீ வா"ன்னு. எப்படி சார் போறது? பத்து வருஷம் காப்பாத்தின சத்தியம். என்னைப் பார்த்து நாலு பேர் இன்னா சொல்லுவான்? இந்தத் தாலுக்காவுலயே இப்ப எல்லைக்காக நிக்கறவன் நான் ஒருத்தன்தான். நானும் போயிட்டா அப்பறம் அந்த ஊரை யாரு கேப்பா?

செத்துப் போயிட்டா சார், பதினாறு நாளாச்சி. அன்னிக்குக் காலையில சேதி வந்துச்சி. ஆதிலட்சுமி தலையைக்கூட முடியாம ஓடிட்டா, அவதான் சத்தியம் பண்ணலையே. நான் கடையைச் சாத்திட்டு திருத்தணிக்குப் போய்ப் பொறந்த வீட்டுக் கோடி எடுத்தேன். அரக்குக் கலர் சேலை, அவளுக்குப் புடிச்ச கலர். உங்க பக்கத்துலயும் உண்டுதானே? பொறந்த வீட்டு ஆம்பளை கோடி கொண்டாந்து மேல போத்தினாதான் பொம்பளைப் பொணத்தை எடுப்பாங்க. போத்தாம எடுத்தா அவ யாருமில்லாத அநாதைன்னு அர்த்தம். சேலையை மார்ல அணைச்சிக்கினு செக்போஸ்ட்டுல வந்து நின்னேன். பாடையை ஆத்து மணலுக்குக் கொண்டாங்க, இந்தாண்டக் கரையில வெச்சி நான் போத்தறேன், அப்பறம் எடுத்துக்கினு போய்ச் சுடுகாட்டுல வையுங்கன்னு சொல்லி அனுப்பினேன். இதுல தப்பு இருக்குதா? நூறு அடி தூரம் சார். ஒரு செத்தவளை நூறு அடி தூக்கிக்கினு வர முடியாதா?

வரலை. பறை சத்தம் மட்டும் கேக்குது. வெயில் உச்சிக்கு வந்துடுச்சி. அப்பறம் ஒருத்தன் பாலத்து மேல வேர்த்து விறுவிறுத்து வந்தான். சுப்பாநாயுடு. அவங்க வீட்டுக்கு அடுத்த வீடு, வேர்க்கடலைக் காடு வெச்சிருக்கறவன். சம்பூரணம் அவனை அண்ணா அண்ணான்னு கூப்பிடுவா, நான் காதுல வாங்கினது இல்ல. அவன் வந்து என் ரெண்டு கையையும் புடிச்சிக்கினு, "வாங்க அண்ணா, உடம்பு தாங்காது, எடுக்கணும், உங்களுக்காகத்தான் வெச்சிருக்கோம்"னு தமிழ்ல கெஞ்சறான். நான் அவனைத் தெலுங்குல திட்டறேன். எங்க ஊரைத் தின்னவங்க நீங்கதானே, இப்ப எங்க வீட்டுப் பொணத்துக்கும் வந்துட்டியான்னேன். இதைவிட மோசமாவும் சொன்னேன், அது உங்களுக்கு வேணாம். அவன் திரும்பிப் போயிட்டான்.

கொஞ்ச நேரங்கழிச்சி தனபாக்கியம் வந்தா. வந்துட்டியாம்மா, இந்தா கோடி, நீயாவது கொண்டு போய்ப் போத்துன்னு நீட்டினேன். அவ கையை நீட்டலை. "வெச்சிக்கோ நைனா, கோடி போட்டாச்சி. சின்ன நைனா போட்டுட்டாரு"ன்னா.

சின்ன நைனா யாருன்னு கேட்டேன் சார். சின்ன நைனான்னா சித்தப்பா, எனக்கு அண்ணனும் இல்ல, தம்பியும் இல்ல. யாருடி சின்ன நைனான்னு கேட்டேன். "சுப்பாநாயுடு"ன்னா. அவ்வளவுதான். திரும்பிக்கூடப் பார்க்காம பாலத்துல நடந்து போயிட்டா.

எப்படி இருக்குது பாருங்க! நான் உயிரோட நிக்கறேன். ஒரே வயித்துல பொறந்தவன், கையில கோடியோட நூறு அடியில நிக்கறேன். எவனோ ஒருத்தன், நம்ம ஜாதியா, நம்ம பாஷையா, அவன் போய் அண்ணன்னு நின்னு என் தங்கச்சி மேல துணி போடறான்! ஊரும் பார்த்துக்கினு நிக்குது! ஒருத்தன் கேக்கலை. நிலத்தைத்தான் புடுங்கினாங்கன்னு பார்த்தா உறவையும் புடுங்கறாங்க சார். அந்தச் சேலை இன்னும் என் டிரங்குப் பெட்டியிலதான் இருக்குது. மடிப்புக்கூடப் பிரிக்கலை. அவ மேல என் துணி இல்லாம போயிட்டா.

இன்னிக்குக் கருமாதி. அதுக்குத்தான் போறேன். சாயங்காலம் வரைக்கும் ஆத்தங்கரையிலதான் சடங்கு. பையனுக்குத் தாய்மாமன் தலையில உருமால் கட்டணும். அது கட்டினாதான் துக்கம் முடிஞ்சி அவன் எழுந்து வெளிய வாசல்ல நடக்கலாம். தாய்மாமன் நான்தானே? இதுல எவனும் குறுக்கே வர முடியாது. திருத்தணிக்குப் போய் உருமால் வாங்கிட்டேன், இந்தப் பையில இருக்குது, பாருங்க. நல்ல நீளம். முனிரத்தினத்துக்கு அவங்க அம்மா மாதிரியே பெரிய தலை, சின்னத் துணி சுத்தினா நிக்காது. நேத்து ஆதிலட்சுமிகிட்ட சொல்லி அனுப்பியிருக்கேன். உன் மருமகனை இந்தாண்டக் கரைக்கு இட்டுக்கினு வா, நான் கட்டறேன்னு. வருவான் சார். தாய்மாமன் கூப்பிட்டு வராம இருப்பானா? தலை மொட்டையா, வெறுந்தலையா எவ்வளவு நேரம் உக்காந்திருப்பான்?

தோ, செக்போஸ்ட் வந்துடுச்சி. கொஞ்சம் எழுந்துக்கறேன். ஜரகம்மா, நேனு திகாலி. இருங்க, கூடையை ஓரமா தள்ளி வெச்சிட்டு எறங்கறேன்.

சார், சார், கீழ நின்னுக்கினு கூப்பிடறேன், இப்படி ஜன்னல்ல பாருங்க. இந்தாண்டக் கரையில யாராவது நிக்கறாங்களா? எனக்கு வெயில்ல கண்ணு கூசுது. இல்லையா? ஒருத்தருமா இல்ல? நல்லா பாருங்க சார்.

அந்தாண்ட இருக்காங்களா. பந்தலா? ஆமா, அது அவங்கதான். நடுவுல உக்காந்திருக்கறது முனிரத்தினம். மொட்டைத்தலை பளபளன்னு தெரியுது. பக்கத்துல நிக்கறது ஆதிலட்சுமி, அந்தப் பச்சைச் சேலை. தனபாக்கியம் எங்க? இந்தப் பக்கம் பார்க்கறாளா? பார்க்கலையா. சரி, விடுங்க.

கையில துணியோட நிக்கறானே, அது யாரு? வேட்டியை மடிச்சிக் கட்டினவன், குட்டையா. சுப்பாநாயுடுதானே அது? அவன்தான் சார், அவனேதான்! பாருங்க, கையில உருமாலை வெச்சிக்கினு நிக்கறான் படுபாவி! கோடியும் அவன் போட்டாச்சி, உருமாலும் அவனே கட்டிட்டா அப்பறம் நான் யாரு? என் தங்கச்சிக்குப் பொறந்த வீடே இல்லன்னு ஆயிடாதா? டேய், நிறுத்துடா! காத்துல கேக்குமா இது? கேக்காது.

சார், நீங்கதான் ஒரு உதவி பண்ணணும். கண்டக்டர், ஒரு நிமிஷம் இருய்யா, விசில் அடிக்காதே! பஸ்ஸு பாலத்தைத் தாண்டினதும் நிக்கும். நீங்க எறங்கி நேரா அந்தப் பந்தலுக்கு ஓடுங்க. புத்தூர் பஸ்ஸு அடுத்தது அரை மணியில வரும், அதுல போய்க்கலாம். இந்தாங்க, பையைப் புடிங்க. ஜன்னல் வழியா புடிங்க சார். உருமாலை நீங்களே அவன் தலையில கட்டிடுங்க. மூணு சுத்து, முடிச்சு வலப்பக்கம். கட்டும்போது மோவாயைப் புடிச்சிக்கோங்க, அவன் அழுவான், தலை ஆடும். அவங்கம்மாவும் அப்படித்தான். யாரு இன்னா சொன்னாலும் விட்டுக் குடுக்காதீங்க. அந்தச் சுப்பாநாயுடு கை மட்டும் படக் கூடாது, அவன் வெளியாளு.

நானா? நான் எப்படி சார் வர்றது? இவ்வளவு நேரம் இன்னா சொன்னேன் உங்களுக்கு?

இன்னாது? கேக்கலை, இன்ஜின் சத்தம். நீங்க யாருன்னு கேட்டா இன்னா சொல்றதா?

அவளோட அண்ணன்னு சொல்லுங்க.